கருவளையம் விழுந்த முகம்

2024 செப்டம்பரில் யூனிகோடு கூட்டமைப்பு எட்டு புதிய எமோஜிகளை வெளியிட்டது. ஒரு கைரேகை, இலை உதிர்ந்த ஒரு மரம், ஒரு கிழங்கு, ஹார்ப் என்னும் நரம்பிசைக் கருவி, ஒரு மண்வாரி, தெறித்த சாயம், ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் சார்க் என்ற குட்டித் தீவின் கொடி. எட்டாவது ஒரு முகம். பாதி மூடிய கண்கள், கண்ணுக்குக் கீழே படிந்த நிழல், சிரிக்கவும் அழவும் தெம்பில்லாத வாய். அதன் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘கண்ணுக்குக் கீழே பைகள் உள்ள முகம்’ என்று வரும். நம் வீடுகளில் அதைக் கருவளையம் விழுந்த முகம் என்போம்.

மறு ஆண்டு அது கைபேசிகளுக்கு வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்த பெண்கள் மண்வாரியையும் கிழங்கையும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விடைத்தாள் திருத்தும் நாட்களில், பொங்கலுக்கு மறுநாள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் இது வந்து விழுகிறது. பெரும்பாலும் தனியாக, ஒரு சொல்லும் துணைக்கு இல்லாமல். ஒரு குறி இவ்வளவு சீக்கிரம் பெண்களின் கைக்குப் பழகிவிட்டால், அது எதையோ சொல்ல உதவுகிறது என்று பொருள். எதையோ சொல்லாமல் விடவும் உதவுகிறது என்பதே என் வாதம்.

முதலில் குறியைக் குறியாகவே படித்துப் பார்ப்போம். களைப்பைச் சொல்ல இதற்கு முன்பும் முகங்கள் இருந்தன. கண்களை இறுக்கி வாயைப் பிளந்து கதறும் இரண்டு முகங்கள் தொடக்கத்திலேயே உண்டு. பெயரளவில் அவை சோர்வைக் குறிப்பவை. நடைமுறையில் சலிப்புக்கும் செல்லச் சிணுங்கலுக்கும் தாங்க முடியாத மகிழ்ச்சிக்கும்கூட அவற்றையே அனுப்புகிறோம். மூக்கருகே நீர்த்துளியோடு தூங்கி வழியும் முகம் ஜப்பானிய மங்கா சித்திரக்கதைகளின் மரபிலிருந்து வந்தது. அந்த மரபில் மூக்கில் குமிழி என்றால் உறக்கம். அது தெரியாத நம்மில் பலர் அதைக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு துக்கச் செய்திக்குப் போட்டோம். 2019இல் கொட்டாவி விடும் முகமும் 2020இல் பெருமூச்சு விடும் முகமும் சேர்ந்தன. இவை எல்லாம் ஒரு கணத்தின் செயல்கள். கொட்டாவி முடிந்துவிடும், பெருமூச்சு அடங்கிவிடும். கருவளையம் ஒரு நாளில் வருவதில்லை. அது பல இரவுகளின் கணக்கு. இன்று களைத்திருக்கிறேன் என்பதோடு, நேற்றும் இப்படித்தான், போன வாரமும் இப்படித்தான் என்று சொல்லக்கூடிய முகம் இது. பெண்கள் இதைத் தேடி எடுத்ததற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம், கருவளையத்துக்கு நம் பொதுமொழியில் இருந்த இடம். பெண்கள் பத்திரிகைகளின் அழகுக் குறிப்புப் பக்கங்களில் கருவளையம் நெடுநாளாக ஒரு குறைபாடு. வெள்ளரிக்காயை வட்டமாக வெட்டிக் கண்மேல் வையுங்கள், உருளைக்கிழங்குச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் தடவுங்கள், எட்டு மணி நேரம் உறங்குங்கள் என்று அறிவுரை வரும். எட்டு மணி நேரத்தை யார் தருவது என்று அந்தப் பக்கங்கள் கேட்டதில்லை. களிம்பு விற்கும் விளம்பரங்களும் அதே பாடத்தைத்தான் படித்தன: இது மறைக்க வேண்டியது, வெளுக்க வேண்டியது. இப்போது அதே கருவளையத்தை ஒரு பெண் தானே முன்வந்து நூறு பேர் உள்ள குழுவில் அனுப்புகிறாள். அழகின் குறையாக இருந்தது அவள் நிலையைச் சொல்லும் சொல்லாக மாறியிருக்கிறது. இதைச் சிறிய மாற்றம் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

நம் இலக்கியமும் பெண்ணின் கண்ணை உற்றுப் பார்த்த இலக்கியம்தான். வளை கழல்வதும் நெற்றி பசப்பதும் கண் உறங்காமல் இருப்பதும் அகப்பாடல்களின் இலக்கணம். திருக்குறளில் ‘கண் விதுப்பழிதல்’ என்று கண்களுக்காகவே ஓர் அதிகாரம் இருக்கிறது. ‘பசப்புறு பருவரல்’, ‘உறுப்புநலன் அழிதல்’ என்று உடல் குறிகளுக்கு வேறு அதிகாரங்களும் இருக்கின்றன. ஆனால் இந்த உறங்காத கண்களுக்கெல்லாம் ஒரே காரணம்தான் ஓதப்பட்டது: அவன் பிரிந்து போயிருக்கிறான். பெண்ணுடலில் ஒரு மாற்றம் தெரிந்தால் அதன் வேர் ஓர் ஆணிடம் இருக்க வேண்டும் என்று வாசிக்கப் பழகிய மரபு இது. அவன் வீட்டிலேயே இருந்து, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக உறங்கி எழும்போதும் அவள் கண் கறுத்துப் போகலாம். அதற்கு அகத்திணையில் துறை கிடையாது.

இனி, பெண்களுக்கு எமோஜியில் இடம் எப்படிக் கிடைத்தது என்று பார்க்கலாம். ஜப்பானியத் தொலைபேசி நிறுவனங்களின் படக்குறிகள் 2010இல் யூனிகோடு தரத்துக்குள் வந்தன. அந்தத் தொகுப்பில் காவலரும் கட்டடத் தொழிலாளியும் நிறுவனங்களின் வரைவில் ஆண்களாக இருந்தார்கள். பெண் முடி வெட்டிக்கொண்டாள், முகத்தை நீவிவிட்டுக்கொண்டாள், மணப்பெண்ணாக முக்காடு போட்டாள், இளவரசியாக முடி சூடினாள், சிவப்பு உடையில் ஆடினாள், முயல் காது மாட்டிக்கொண்டு இன்னொருத்தியோடு நின்றாள். நகப்பூச்சுக்குக்கூட ஒரு தனிக் குறி இருந்தது. 2016 மே மாதம் கூகுளில் பணியாற்றிய சிலர், பெண்களைத் தொழில் செய்பவர்களாகவும் காட்ட வேண்டும் என்று ஒரு முன்மொழிவை அளித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆசிரியை, விவசாயி, மெக்கானிக், விஞ்ஞானி, விண்வெளி வீராங்கனை எல்லாரும் வந்துவிட்டார்கள். இந்தக் குறிகள் செய்யப்பட்ட விதம் சுவையானது. பெண் என்ற குறியையும் ஒரு பொருளின் குறியையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பால் சேர்ப்பார்கள். பெண்ணோடு பள்ளிக்கூடம் சேர்ந்தால் ஆசிரியை. பெண்ணோடு நெற்கதிர் சேர்ந்தால் விவசாயி. நம் தொகைச் சொற்களில் உருபு மறைந்து நிற்பதைப் போல என்று வகுப்பில் சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

இந்த இலக்கணத்தில் எது எதோடு சேரவில்லை என்று பார்ப்பதுதான் பெண்ணிய வாசிப்பு. 2018இல் துடைப்பம் வந்தது; சோப்பும் பஞ்சும் கூடையும் அதனோடு வந்தன. 2020இல் வாளி வந்தது. இந்தப் பொருள்கள் எவற்றோடும் எந்த மனிதரும் சேர்க்கப்படவில்லை. துடைப்பம் தனியாக நிற்கிறது, யாரும் கூட்டவில்லை. வாளி இருக்கிறது, யாரும் தூக்கவில்லை. சமைப்பவர் இருக்கிறார், ஆனால் அவர் தலையில் உணவகச் சமையல்காரரின் வெள்ளைத் தொப்பி. வீட்டில் சமைப்பவருக்குக் குறி இல்லை. குழந்தைக்குப் பாலூட்டும் உருவம் 2017இல் வந்ததையும், 2020இல் ஆணும் புட்டிப்பால் கொடுக்கும் உருவம் வந்ததையும் விட்டுவிட்டால், வீட்டுக்குள் நடக்கும் உழைப்பு எமோஜியில் கருவிகளாக மட்டுமே இருக்கிறது.

துடைப்பம் ஏந்திய பெண்ணை வரைந்துவிட்டால் போதுமா? வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். 2010இன் நகப்பூச்சுப் பெண்ணிடமிருந்து தப்பி வந்தது துடைப்பத்திடம் போய்ச் சேர அல்ல. நம் தெருக்களில் துடைப்பம் ஏந்தி நிற்பவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதிப் பெண்கள் என்பதை நாம் அறிவோம். அந்த உருவம் வந்த மறுநாளே அது வசையாகும். சரி, பாலினம் தெரியாத ஒருவர் கூட்டுவதாக வரையலாம். அப்போது இன்னொரு சிக்கல் வருகிறது. வீட்டாருக்காகச் செய்யும் ஊதியமற்ற வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள் என்று 2024இல் நடந்த இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிள்ளைகளையும் முதியோரையும் பராமரிப்பதில் பெண்கள் 137 நிமிடங்கள், ஆண்கள் 75. பொதுவான ஓர் உருவம் இந்த வேறுபாட்டைத் துடைத்துவிடும். பெண்ணாக வரைந்தால் அது அவள் விதி என்றாகிறது. பொதுவாக வரைந்தால் அது யார் வேலையும் இல்லை என்றாகிறது.

2023இல் வந்த மாற்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாய், தந்தை, மகள், மகன் என்று பலவகையாக இருந்த குடும்ப எமோஜிகளுக்குப் பதிலாக, பெரியவர் சிறியவர் என்ற அளவு மட்டும் தெரியும் நிழலுருவங்களை யூனிகோடு கொண்டுவந்தது. இரண்டு தாய்மார் உள்ள குடும்பத்துக்கும் தாத்தா வளர்க்கும் பேத்திக்கும் அது இடம் தருகிறது. அந்த நோக்கத்தை நான் ஏற்கிறேன். 2021இல் வந்த கருவுற்ற ஆணையும் கருவுற்ற நபரையும் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கருவுறும் திருநம்பிகளுக்கு அந்தக் குறி தேவை. ஆனால் குறியிலிருந்து பாலினத்தை நீக்கியதால் வீட்டிலிருந்து பாலினம் நீங்கிவிடுவதில்லை. நிழலுருவக் குடும்பத்தில் காலையில் முதலில் எழுந்தது யார் என்று தெரியாது. நம் குடும்பத்தில் தெரியும்.

ஒரு குறி உள்ளே வருவதற்கு என்ன விலை கேட்கப்படுகிறது என்பதற்கு இரத்தத் துளி சாட்சி. மாதவிடாய்க்கு ஓர் எமோஜி வேண்டும் என்று பிளான் இண்டர்நேஷனல் அமைப்பின் பிரிட்டன் கிளை 2017இல் இயக்கம் நடத்தியது. 54,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அதில், இரத்தத் துளிகள் படிந்த உள்ளாடைப் படம் முதலிடம் பெற்றது. யூனிகோடு அதை ஏற்கவில்லை. பிறகு அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையின் இரத்ததானப் பிரிவோடு சேர்ந்து வெறும் இரத்தத் துளியை முன்மொழிந்தார்கள். அது 2019இல் வந்தது. இரத்ததானத்துக்கும் ஆகும், சோதனைக்கூடத்துக்கும் ஆகும், மாதவிடாய்க்கும் ஆகும். உள்ளாடை போனதும் உடல் போயிற்று. உடல் போன பிறகே துளிக்கு அனுமதி கிடைத்தது. பெண்கள் அதை எடுத்துத் தங்கள் பொருளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு.

புதிய எமோஜி கேட்பவர்கள் அந்தப் பொருள் எவ்வளவு தேடப்படுகிறது என்று இணையத் தேடல் எண்ணிக்கையால் நிறுவ வேண்டும். ஒப்பிட்டுக் காட்டுவதற்கு அளவுகோலாக வைக்கப்பட்ட சொல் ‘யானை’. யானைக்கு இணையாகத் தேடப்பட்டால் நல்லது. எது தேடுபெட்டியில் எழுதப்படுகிறதோ அதற்கே எடை. வீட்டுக்குத் தூரம், தலைக்குக் குளிக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறாள், விலக்கு என்று சுற்றி வளைத்தே பேச வைக்கப்பட்ட ஒன்றை எந்தச் சொல்லால் எண்ணுவது? மௌனம் தேடல் கணக்கில் ஏறாது.

எண்ணப்படுவதற்கே குறி என்பது கணினிக்கு மட்டும் உரிய குணமும் அல்ல. இரத்தத் துளியும் சேலையும் வந்த அதே 2019 மார்ச், யூனிகோடின் அதே 12.0 பதிப்பில், தமிழின் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 51 எழுத்துகளாகச் சேர்ந்தன. முந்திரிக்குக் குறி உண்டு. ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு என நெல் அளக்கக் குறி உண்டு. நன்செய்க்கும் புன்செய்க்கும் உண்டு. காசுக்கும் பணத்துக்கும் வராகனுக்கும் உண்டு. கணக்குப்பிள்ளையின் ஓலைக்கு எது வேண்டுமோ அதற்கெல்லாம் நம் முன்னோர் குறி செய்தார்கள். அவை கணினிக்கு வந்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அந்த நெல்லைக் குத்திப் புடைத்துச் சோறாக்கியவளின் நேரத்துக்கு அந்த ஓலைகளில் குறி இல்லை. சேலை எமோஜியும் ஏறக்குறைய அப்படித்தான். சேலை மட்டும் நிற்கிறது, கட்டியவள் இல்லை.

இந்தப் பின்னணியில் களைத்த முகத்துக்குத் திரும்புகிறேன். இது எந்தப் பாலினமும் இல்லாத மஞ்சள் முகம். தோல் நிறங்கள் 2015இல் வந்தாலும் இத்தகைய முகங்களுக்கு அவை பொருந்துவதில்லை. ஆகவே இது எவருடைய களைப்பும் அல்லாத களைப்பு. பெண்கள் அதை அனுப்பும் விதத்தில் ஒரு பணிவு இருக்கிறது. ‘ஐந்தரை மணியிலிருந்து நிற்கிறேன், நீங்கள் ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லை’ என்று எழுதினால் அது குற்றச்சாட்டு; சண்டை வரும். இந்த முகத்தைப் போட்டால் அது மனநிலை. சிரிப்பு வரும், ஓர் இதயம் வரும், ‘ரெஸ்ட் எடும்மா’ என்று அதே வீட்டிலிருந்தே பதில் வரும். காரணத்தை வெட்டிவிட்டு விளைவை மட்டும் காட்ட இது வசதியானது. அதை அனுப்பும் வசதியும் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. கல்லூரி ஆசிரியைகளான எங்கள் குழுவில் இந்த முகம் உலவுகிறது. காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் அக்காவின் களைப்பு எந்தக் குழுவிலும் வருவதில்லை. எங்கள் கருவளையம் சற்று இளைத்திருப்பதற்கு அவர் காரணம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை ஆண்டுதோறும் நடத்துபவள் என்பதால் எனக்கு இந்த இடத்தில் ஓர் ஒப்பீடு தோன்றுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லிவிட்டுத் தொல்காப்பியர் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு களன்களையும் சொல்கிறார். அழுகை என்றால் இழிவால் வந்ததா, இழப்பால் வந்ததா, தளர்ச்சியால் வந்ததா, வறுமையால் வந்ததா என்று கேட்கும் இலக்கணம் அது. முகத்தைக் காட்டினால் போதாது, களனையும் சொல் என்கிறது. எமோஜியிடம் இல்லாதது இதுதான்.

ஆனால் தொல்காப்பியரையும் நாம் சும்மா விட முடியாது. களைப்பு அங்கே எங்கே இருக்கிறது? மூப்பு, பிணி, மென்மை ஆகியவற்றோடு ‘வருத்தம்’ இளிவரலின் களனாக வருகிறது. உழைத்து ஓய்ந்த நிலை என்று அதை நான் வாசிக்கிறேன். அதாவது ஓய்ந்து போவது தாழ்வு. பிறர் முன் சிறுமை. பெருமிதத்துக்குக் களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. களவியலில் பெண்ணுக்கு விதிக்கப்படுபவை அச்சமும் நாணமும் மடமும். அந்த மடமோ மெய்ப்பாட்டியலில் நகைக்குக் களன். பெண்ணிடம் குணமாகக் கேட்கப்பட்டது, பொதுவில் சிரிப்புக்கு இடமாகிறது. கருவளையத்தைப் பெண்கள் ஏன் வெள்ளரிக்காயால் மூடினார்கள், இப்போதும் ஏன் சிரிப்போடு அனுப்புகிறார்கள் என்பதற்கு இந்த ‘இளிவரல்’ என்ற சொல்லில் பாதி விடை இருக்கிறது.

ஆகவே போன பருவத்தில் மெய்ப்பாட்டியல் முடிந்ததும், இந்த முகத்தைப் பலகையில் வரைந்து, இதற்குக் களன் எழுதுங்கள், பெயர் போட வேண்டாம் என்று மாணவர்களிடம் தாள் கொடுத்தேன். பையன்களின் தாள்களில் பெட்ரோல் பங்க் இரவு வேலை இருந்தது. முகூர்த்த நாளில் கேட்டரிங் இருந்தது. விடிய விடிய ரீல்ஸும் இருந்தது. பெண்களின் தாள்களில் பேருந்து நேரம் வந்தது. ‘ஆறே காலுக்கு பஸ். அதுக்கு முன்னாடி சோறு வடிச்சு தம்பிக்கு டப்பா கட்டணும்.’ ‘பாட்டி ராத்திரி எந்திரிச்சா என்னைத்தான் கூப்பிடும், அண்ணனைக் கூப்பிடாது.’ முகத்தின் அருகில் இப்படி ஒரு வரி வந்து நின்றதும் அது மனநிலையாக இருப்பதை நிறுத்திவிட்டது. அது வழக்காகிவிட்டது. நான் பெண்களிடம் கேட்பது இவ்வளவுதான்: முகத்தை அனுப்புங்கள், களனையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு தாள் மட்டும் என் வாதத்துக்குள் அடங்கவில்லை. ‘எல்லாரும் தூங்குனதுக்கு அப்புறம்தான் லைட்டைப் போட்டு எனக்குப் பிடிச்ச புக்கைப் படிக்க முடியும். பதினொன்றரையில இருந்து ஒன்றரை வரைக்கும். இது எனக்குப் பிடிச்ச கருவளையம், மேம்.’ இதை இளிவரலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெருமிதத்தின் களன்களில் முதலாவது கல்வி, அங்கே வைத்தேன். அந்த விளக்கு ஏன் பதினொன்றரைக்கு முன்னால் எரிய முடியவில்லை என்ற கேள்வியையும் அதே தாளின் ஓரத்தில் எழுதினேன். அதற்குப் பதில் எழுத வேண்டியவள் அவள் அல்ல, அந்த நேரத்தில் அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள்.